வலது பிரேக்

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்ததும் முதல் வேலை வெல்டிங். மாப்பிள்ளையின் சைக்கிளையும் பெண்ணின் சைக்கிளையும் அருகருகே நிறுத்தி, நடுவில் இரும்புக் குழாய் வைத்து ஒட்டிவிடுவார்கள். நான்கு சக்கரம், இரண்டு சீட்டு, பின்னால் ஒரு பெஞ்சு, மேலே கூரை. பிசிடாக்சி என்று பெயர். எங்கள் ஊர் அஃபுவாவில் காரும் கிடையாது, மோட்டார் சைக்கிளும் கிடையாது. தெருக்கள் எல்லாம் ஆற்றுக்கு மேல் தூண் நட்டுப் போட்ட பலகைகள். அவை அந்தப் பாரத்தைத் தாங்கா.

எங்கள் வண்டியில் இடது பாதி என் சைக்கிள். வலது பாதி லூசிலேனியுடையது.

அவளைக் காய்ச்சலோடு வைத்தியத்துக்காக மக்காபா நகரத்துக்குப் படகில் கொண்டுபோனோம். அவள் இல்லாமல் திரும்பி வந்தபின் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். நான் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். இங்கே நடந்து போகிறவனைப் பார்த்தால், சைக்கிள் திருட்டுப் போய்விட்டதா என்று கேட்பார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை, மைத்துனி தினால்வா வந்து தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள். மருத்துவமனையில் நோயாளிகளை ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறாள். அதுவும் மிதிவண்டிதான்.

"அத்தான், சனிக்கிழம எனக்குக் கல்யாணம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மாதா கோயிலுக்கு நான் இதுலதான் போவேன்."

"வால்டெமிர் வண்டி வருதுன்னு அத்த சொன்னாங்களே."

வால்டெமிர் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"அது வண்டியா? சக்கரம் வச்ச லவுட்ஸ்பீக்கர். அதுல போய் எறங்குனா சாமியார் கேக்குறதுக்கு நான் சம்மதம்னு சொல்றது எனக்கே காதுல விழாது."

சொல்லிக்கொண்டே செயினை விரலால் தொட்டாள். துருவை என் சட்டையில் துடைத்தாள்.

"அத்த என்ன சொல்றாங்க?"

"ஆகாதுங்குறாங்க. உங்க வண்டி ராசியில்லையாம். அழுது பாத்தேன், நடக்கல. சோறு வேணாம்னேன், அதுக்கு அசஞ்சாங்க. மொதல்ல அவங்க ஏறி உக்காந்து பாலம் ஏறி எறங்கணுமாம். அப்புறம்தான் பொண்ண ஏத்தலாமாம். வியாழக்கிழம மத்தியானம் வருவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அக்காதான் வர முடியாது. வண்டியாவது வரட்டும் அத்தான்."

சரி என்றேன்.

மூன்று மாலைகள் வேலை செய்தேன். செயினை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவிட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்தேன். எண்ணெய் வெளியே நின்றால் மரத்தூள் ஒட்டும். டயரின் ஓரம் வெடித்திருந்தது, புதிதாக மாட்டினேன். பிரேக் கட்டையும் புதிது. பலகைத் தெரு ஆட்டி ஆட்டியே நட்டுகளைத் தளர்த்திவிடும். சக்கர நட்டு, ஹேண்டில் நட்டு, பெஞ்சு நட்டு எல்லாவற்றையும் ஸ்பானர் போட்டு முறுக்கினேன்.

இவ்வளவும் இடது பக்கத்துக்கு. வலது பக்கம் காற்று மட்டும் அடித்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமியார் வந்தார். ஒஸ்மரீனா நல்ல உடம்புக்காரி. விசேஷத்துக்குப் போடும் செருப்பு, கையில் குடை. பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து குடையை விரித்தார்.

"கூர இருக்கு அத்த."

"உன் கூரய நான் நம்பல. மிதி."

நான் இடது சீட்டில். வலது சீட்டு காலி. தெருவில் நன்றாகத்தான் போயிற்று. சிற்றாற்றுப் பாலம் நடுவில் உயர்ந்திருக்கும், அடியில் படகு போக வேண்டுமே. ஏறும்போது மூச்சு வாங்கியது.

"பள்ளிக்கூடத்துல சாப்பாடு போடுறதில்லையா மாப்பிள்ள?"

உச்சியைத் தாண்டினோம். இறக்கத்தில் அவருடைய எடை வண்டியைத் தள்ளியது.

"பிரேக்கு!"

"பிடிக்கிறேன் அத்த."

இரண்டு பிரேக்கையும் எட்டிப் பிடித்தேன். இடது புதிது, கவ்வியது. வலது கைப்பிடி ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. இடது பாதி நின்றது, வலது பாதி நிற்கவில்லை. இது எப்படித் திரும்பும் என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அப்படியே திரும்பியது. பாலத்தின் கைப்பிடிச் சட்டம் ஒன்று முறிந்தது. முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுற்றியது. ஆற்றில் வற்றம், கீழே வெறும் சேறு. குடை ஒரு பக்கம், வலது செருப்பு இன்னொரு பக்கம் போய் விழுந்தன.

பாலத்தடியில் இறால் விற்கும் இடால்சி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஒஸ்மரீனாக்கா, குளிக்கவா? தண்ணி வர இன்னும் நேரம் இருக்கே!"

மாமியார் அவளைப் பார்க்கவில்லை.

"வலது பிரேக்கு என்னாச்சு?"

"பிடிக்கல அத்த."

"பிடிக்கலயா, பாக்கலயா?"

"பாக்கல."

இறங்கினார். ஒற்றைச் செருப்போடு பலகையில் நடந்தார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என் பொண்ணு வால்டெமிர் வண்டியில போவா. காது போனாப் போகுது. கைகால் இருக்கும்."

சாயங்காலம் தினால்வா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"தெனமும் காலைல நோயாளிய ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் அமுக்கிப் பாக்குறேன். அக்கா வீட்டுக்காரர் எங்கம்மாவ ஏத்திக்கிட்டு ஒத்த பிரேக்குல பாலம் எறங்குறாரு. ஊர் முழுக்க இதுதான் பேச்சு."

"தப்புதான்."

"அதென்ன, உங்க பக்கம் பளபளன்னு இருக்கு, அக்கா பக்கம் மட்டும் அப்படியே கெடக்கு?"

அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு அத்தான். அம்மாவ என்னால இனிமே மசிய வைக்க முடியாது." போகும்போது தோளுக்கு மேல் திரும்பிச் சொன்னாள்: "செருப்புல நண்டு குடி வந்தாச்சாம். இடால்சி சொல்லி விட்டா."

வெள்ளிக்கிழமை காலை வலது பக்கம் உட்கார்ந்தேன்.

பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்தேன், அறுந்து வந்தது. புதுக் கம்பி, புது உறை. கட்டை கல்லாகிவிட்டிருந்தது, அதையும் மாற்றினேன். சக்கர விளிம்பில் இருந்த அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். அங்கே எண்ணெய் படக்கூடாது. செயின் தேறாது. புதிதாகப் போட்டேன். பெடலைச் சுற்றிவிட்டபோது சத்தமே இல்லாமல் சுற்றியது. அவள் காலத்தில் கிரீச்சென்று கத்தும். தெரு முனையிலேயே வருகிறாள் என்று தெரியும்.

கடைசியில் சீட்டு. சீட்டுக் குழாயில், கவ்வியின் விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு. நகப்பூச்சு. இரவல் வாங்குகிறவர்கள் சீட்டை ஏற்றி இறக்கித் தொலைக்கிறார்கள் என்று அவள் போட்டு வைத்தது. கவ்வி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதைக் கழற்றவில்லை.

இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். பின்சக்கரம்தான் தூக்கியது, முன்சக்கரங்கள் நகரவில்லை. மாமியார் வீட்டுக்கு ஓட்டிப் போனேன்.

அவர் வாசலில் அசாயீப் பழக்கூழுக்குத் தொட்டுக்கொள்ள இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ வாங்க அத்த."

"என்கிட்ட வேற செருப்பு இல்ல."

"வெறுங்காலோட வாங்க."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். வலது பிரேக்கை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். பெஞ்சில் உட்காருவார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது சீட்டில் ஏறினார். கால் இரண்டும் பெடலில் சரியாகப் போய் உட்கார்ந்தன.

"என்ன பாக்குற? அவ காலும் என் காலும் ஒரே நீளம். என் கால்சட்டைய எல்லாம் அவதான் போட்டுக் கிழிச்சா." ஹேண்டிலைப் பிடித்தார். "இந்தப் பிரேக்க நானே பிடிக்கிறேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பிடிக்கணும் அத்த. உச்சிலேந்தே மெதுவா, விட்டு விட்டு..."

"எனக்குப் பாடம் எடுக்காத. உன் மாமனாரோட மிதிச்சவ நான். அந்த மனுசன் ஏத்தத்துல எல்லாம் காத்து வாங்கிட்டு வருவாரு."

பாலம் ஏறினோம். உச்சியில் அவர் "ம்" என்றார். சேர்ந்து பிடித்தோம். வண்டி நேராக இறங்கியது. இடால்சியின் இறால் கூடைக்கு முன்னால் அமைதியாக நின்றது.

"இன்னைக்குக் குளிக்கலயாக்கா?"

"உன் நாறுன வாய மொதல்ல குளிப்பாட்டு. நாளைக்குக் கல்யாணம், வந்து சேரு." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பொண்ணு இந்த வண்டியிலதான் வரா. முன்னாடியே வந்து நில்லு, பாக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை காலை தினால்வா வெள்ளை உடுப்போடு பலகையில் குந்தி டயரை அமுக்கிப் பார்த்தாள். இரண்டு பிரேக், நான்கு டயர், செயின், மணி. மாதா கோயிலில் சாமியார் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுடி," என்றார் மாமியார்.

"பாவாட செயின்ல சிக்குனா கல்யாணமே நின்னுரும்மா." துணி காயப்போடும் கிளிப்புகளால் உடுப்பைத் தூக்கிக் குத்திக்கொண்டு பெஞ்சில் ஏறினாள். நான் இடது, மாமியார் வலது. பின்னால் வால்டெமிர் பாட்டுப் போட்டபடியே வந்தார். யாருக்கும் மணி கேட்கவில்லை. ஆனாலும் நான் அடித்தேன்.

சாமியாருக்கு அவள் சொன்ன பதில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கோயிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் புதுத் தம்பதிதான் மிதிக்க வேண்டும். தினால்வா இடது சீட்டில் ஏறினாள். மாப்பிள்ளை கிளேபெர் படகோட்டி, பனைமர உயரம். வலது சீட்டில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் ஹேண்டிலில் இடித்தன.

"என்ன சகல, இது சைக்கிளா இல்ல முட்டிய ஒடைக்கிற மிஷினா?"

"அத்தான், சீட்ட ஏத்துங்க," என்றாள் தினால்வா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மாமியார் ஆற்றைப் பார்த்தார்.

ஸ்பானர் என் கல்யாணக் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. கிளேபெரை இறங்கச் சொன்னேன். கவ்வியைத் தளர்த்தினேன். குழாய் முதலில் வரவில்லை. சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பினேன், வந்தது. சிவப்புக் கோடு கவ்வியை விட்டு மேலே ஏறியது.

"இன்னும் கொஞ்சம் சகல."

இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

"இன்னும்."

"போதும்!" தினால்வா குனிந்து பார்த்தாள். "கம்பெனிக்காரன் வெட்டுன கோடு வெளில தெரியுது பாரு. அதத் தாண்டி ஏத்துனா குழா ஒடிஞ்சு நீ ஆத்துல கெடப்ப. மோதிரம் மாட்டிப் பத்து நிமிசம்கூட ஆகல, அதுக்குள்ள என்ன விதவையாக்கிடாத!"

வால்டெமிர் பாட்டை நிறுத்திவிட்டார். கோயில் படியில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தினால்வா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவரும் குலுங்க ஆரம்பித்தார். கிளேபெருக்கு எதற்கென்று புரியவில்லை. இருந்தாலும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

கம்பெனிக் கோடு உள்ளே போகும் வரை சீட்டை இறக்கி முறுக்கிக் கொடுத்தேன்.

"மிச்ச முட்டிய என்ன பண்றது?" என்றான்.

"மடிச்சு வச்சுக்க," என்றாள்.

நானும் மாமியாரும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. முன்னால் இரண்டு முதுகுகள். பாலத்தின் உச்சியில் தினால்வா "இப்ப!" என்று கத்தினாள். கிளேபெர் ஒரு கணம் பிந்தினான். வண்டி இடது பக்கம் மூக்கைத் திருப்பியது. மாமியார் என் கையைப் பிடித்தார். பிறகு அவனும் பிடித்தான், வண்டி நேரானது.

"பழகிக்குவான்," என்றார் மாமியார். கையை எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது மழை விட்டிருந்தது. வண்டியோடு வாசலில் நின்றேன். மாமியார் வந்து வலது சீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல நான் எப்படி ஏற? எறக்கு."

இறக்கினேன். எவ்வளவு என்று தேட வேண்டியிருக்கவில்லை. சிவப்புக் கோடு கவ்வியைத் தொட்டதும் நிறுத்தி முறுக்கினேன். அவர் ஏறிப் பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலப் பூசைக்கு வந்து கூட்டிட்டுப் போ."

"மழைல நனஞ்சிருக்கு அத்த. காலைல செயினத் தொடச்சு எண்ண போடணும்."

"ரெண்டு பக்கமும் போடு," என்றார். "மிதி."