மிக்கோலாவின் மெழுகுதிரி

ஐரோப்பாவில் நடக்கிற போரை நாமெல்லாம் செய்தியில்தான் பார்த்தோம், கண்ணுகளா. மாவு விலை ஏறியபோது கொஞ்சம் திட்டினோம், பிறகு மறந்துவிட்டோம். இன்பமணிக்கு மட்டும் அந்தப் போர் லிஃப்டில் ஏறி எதிர் ஃபிளாட்டுக்கே வந்து சேர்ந்தது.

இன்பமணி கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். எதிர் ஃபிளாட்டில் ஓர் உக்ரைன்காரப் பெண், துபாய் ஹோட்டலில் வேலை. அவளுடைய அம்மா ஹலினா போருக்குத் தப்பி மகளிடம் வந்திருந்தாள். பிரஷர் பார்க்கப் போய்ப் பழகியதில் இன்பமணி அவளை அக்கா என்றே கூப்பிட்டாள். இருவருக்கும் தெரிந்தது அரைகுறை இங்கிலீஷ்தான். அழுகைக்கும் சிரிப்புக்கும் அது போதும்.

"ரஷ்யாக்காரனுக்கும் உங்களுக்கும் ஒரே சாமி, ஒரே சாப்பாடுங்கிறீங்க. பின்ன எதுக்கு அக்கா சண்டை?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஹலினா யோசித்துச் சொன்னாள். "ஒரே வீடாக இருந்தோம். பிரிந்தோம். எங்கள் பங்கில் எங்களுக்குப் பிடித்த திசையில் வாசல் வைக்கப் பார்த்தோம். நீ தனி வீடே இல்லை, என் வீட்டுப் பின்கட்டுதான் என்று வந்தார்கள்."

இன்பமணியின் கணவன் பத்திநாதன் ஏசி மெக்கானிக். சோறு தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தவன் மனைவியிடம் தமிழில் சொன்னான்: "நம்ம பெரியப்பனுக்க கேஸு மாதிரில்லா இருக்கு! பாகம் பிரிச்சு முப்பது வருசம் கழிச்சு, தென்ன வச்சது எனக்க அப்பன், தோப்பும் எனக்குத்தான்னு வந்தாரே."

"பெரியப்பன் வெட்டுகத்திதான் எடுத்தாரு. இவிய மேல இருந்து குண்டு போடுதாவ. நீரு சும்மா தின்னும்."

ஹலினாவின் ஊர் கெர்சோன். பெரிய ஆற்றங்கரை. தர்பூசணிக்குப் பேர்போன மண். அந்த ஊருக்குள் ரஷ்யப் பட்டாளம் வந்தது, மாதக்கணக்கில் இருந்தது, ஒருநாள் பின்வாங்கிப் போனது. ஊரே தெருவில் நின்று அழுதுகொண்டு சிரித்ததாம். அப்புறம் ஆற்றின் அணை உடைந்தது. வீட்டுக் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற படத்தை அவள் போனில் காட்டினாள். மகன் மிக்கோலா சிப்பாய். கிழக்கே ஒரு காட்டுக்கு அனுப்பினார்கள். காடு என்று பேர், ஒரு மரமும் முழுசாக நிற்கவில்லை. கரிந்த அடிமரக் குற்றிகள்தான். தலைக்கு மேலே எந்நேரமும் வண்டு மாதிரி ட்ரோன் இரையும். "அம்மா, இங்கே ஒரு பூனை இருக்கிறது, என் பையில்தான் தூங்குகிறது" என்று எழுதினான். அதுதான் கடைசி. பிறகு படையிலிருந்து ஒரு சொல் வந்தது: காணவில்லை.

செத்தான் என்றும் இல்லை. பிடிபட்டான் என்றும் இல்லை. காணவில்லை.

இரண்டு பக்கமும் கைதிகளை மாற்றிக்கொள்ளும்போது இந்த எமிரேட்ஸ் நாடே பல தடவை நடுவில் நின்று பேசியிருக்கிறது. அப்படி ஒவ்வொரு முறையும், மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளின் முகத்தை ஹலினா போனில் விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பாள். கடைசி முகம்வரை பார்ப்பாள். அப்புறம் இன்பமணி போய்ப் பிரஷர் பார்ப்பாள்.

மிக்கோலாவின் பிறந்தநாள் ஒரு ஞாயிறு வந்தது. ஹலினா தேன்மெழுகுத் திரி ஒன்றைக் கொண்டுவந்து இன்பமணி கையில் வைத்தாள்.

"இங்கே ரஷ்யர்கள் கட்டிய கோயில் இருக்கிறது. எங்கள் முறைப்படி அங்கேதான் ஏற்ற வேண்டும். மாஸ்கோவுக்காக ஜெபிக்கிற இடம், என் கால் ஏறாது. ஆனால் நிக்கோலாஸ் புனிதர் எங்களுக்கும் புனிதர். என் மகனுக்கு அவர் பேர்தான். நீ ஏற்றிவிடு."

பத்திநாதன் இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி எடுத்தான். "ரஷ்யாக்காரன் கோயில்ல தமிழ்ல ஜெபம் சொல்லாத பிள்ளே. சாமி முழிக்கும்."

"நீரு குடிச்சிட்டுப் பாடுத பாட்டே அவருக்கு வெளங்கும்போ, இது வெளங்காதா?"

கோயிலுக்கு நீலக் குவிமாடங்கள். பத்திநாதன் வண்டியில் இருந்துகொண்டான், ஹலினா வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டாள். மாசி மாதக் காற்று இதமாக இருந்ததால் பெரிய கதவு திறந்தே கிடந்தது.

இன்பமணி உள்ளே போனாள். தரையிலிருந்து கூரைவரை பொன்னில் எழுதிய முகங்கள். அத்தனை கண்களும் அவளையே பார்த்தன. இதில் நிக்கோலாஸ் எவர் என்று அவள் எங்கே கண்டாள்? கண்ணுக்குப் பழகியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓரமாகத் தாழ்வான ஒரு மேசை, அதன்மேல் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், காலடி மணலில் குத்தி நிறுத்திய திரிகள். ஊரில் கடலுக்குப் போனவனுக்காக வேண்டுகிறவள் சிலுவை நிற்கும் குருசடியில் இப்படித்தானே மணலில் திரி வைப்பாள்! அவள் குனிந்து, "மிக்கோலா பத்திரமா வரணும் ஆண்டவரே" என்று மணலில் குத்தினாள்.

வாசலிலிருந்து ஓர் அலறல் வந்தது.

ஹலினா படியேறிக் கதவு நிலைவரை வந்திருந்தாள். கை நீண்டிருந்தது. கால் மட்டும் உள்ளே வரவில்லை. "அங்கே வேண்டாம்! அவன் உயிரோடிருக்கிறான்!" என்று தன் பாஷையில் கத்தினாள்.

அந்த மேசை செத்தவர்களுக்கானது, கண்ணுகளா. உயிரோடிருப்பவர்களுக்குப் படங்களின் முன்னால் உயரத்தில் ஏற்றுவார்கள். இன்பமணிக்கு அது யார் சொல்லித் தெரியும்? வைத்த இடம் தப்பு என்று மட்டும் புரிந்து, திரியை நோக்கிக் கை நீட்டினாள். திரியை அணைத்து எடுப்பதா? அணைப்பதும் ஒரு சாவு போலத்தான் பட்டது.

மேசையருகே கறுப்புத் துணியைத் தலையில் கட்டிய ரஷ்யப் பெண் ஒருத்தி இருந்தாள். தன் திரியை அப்போதுதான் மணலில் வைத்திருந்தாள். பக்கத்தில் ராணுவச் சட்டை போட்ட ஒரு பையனின் படம், வாசலிலிருந்தே தெரிந்தது. அவள் நிலையில் நின்றவளைப் பார்த்தாள். அலறிய பாஷை அவளுக்குப் புரிந்தது. எந்த நாட்டுத் தாய் என்பதும் புரிந்தது.

இன்பமணி, இவள் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

அந்த ரஷ்யப் பெண் மிக்கோலாவின் திரியை எரிகிறபடியே மணலிலிருந்து எடுத்தாள். திறந்த கதவுக் காற்றில் சுடர் படுத்தது. உடனே மறு கையைக் குவித்து மூடினாள். உருகின மெழுகு விரலில் வழிந்தது, கையை உதறவில்லை. பிறந்த பிள்ளையை எடுத்துப் போகிறவள் போல அடிமேல் அடி வைத்து அந்தப் பெரிய கோயிலைக் கடந்தாள். வெள்ளைத் தாடிப் புனிதர் ஒருவரின் படத்தின் முன் அதை உயர வைத்தாள். காற்று வரும் பக்கம் தன் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

திரி எரிந்து தீரும்வரை அவள் நகரவில்லை. நிலையில் ஹலினாவும் நகரவில்லை. இன்பமணி இருவருக்கும் நடுவில் நின்றாள். பிரசவமும் சாவும் எத்தனையோ பார்த்தவள் அவள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

வண்டியில் பத்திநாதன், "என்ன, ரெண்டு பேரும் பேயக் கண்ட மாதிரி இருக்கிய?" என்றான்.

வீடு வரும் நேரத்தில்தான் ஹலினா வாய் திறந்தாள்.

"அவள் மகன் பேர் என்ன?"

"கேக்கலியே, அக்கா."

ஹலினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி நின்ற பிறகு, யாரிடமோ கோபப்படுகிற குரலில் சொன்னாள்:

"கேட்டிருக்க வேண்டும்."