பத்து நிமிடச் சம்மதம்

2024 ஒக்டோபர் 14, திங்கள். பிழை: சோதித்துப் பார்க்கப் போட்ட பத்து நிமிடத்தை மாற்ற மறந்துவிட்டேன்.

விடிய ஐந்து மணிக்கு நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு வதனி மடிக்கணினியைத் திறந்தாள். கண் எரிந்தது. பிடரி இறுகிக் கிடந்தது. நெசவாளருக்கு ஓடர் அனுப்பும் செயலிக்குத் திரைகளைக் கீறி வடிவமைப்பது அவள். பகலில் ஷிஹானோடு சேர்ந்து நிரல் எழுதுவதும், மாலையில் காத்தான்குடித் தறிக்கூடத்தில் பெண்களுக்கு அதைப் படிப்பிப்பதும் அவள்தான். பத்து நிமிடத்துக்குள் 'ஏலாது' என்று அழுத்தாவிட்டால், ஓடரை ஏற்றதாகச் செயலி பதிந்துவிடும். ஏற்றது மூன்று தரம் பிந்தினால் பட்டியலில் பெயர் வெட்டு. அந்தக் கூடத்தில் நெய்யும் றம்லாவுக்கு ஏற்கெனவே இரண்டு பிந்திவிட்டன.

ஒன்பது மணிக்கு நாவற்குடா அலுவலகத்தில் முதலாளி சதீசனிடம் சொன்னாள்.

"அது நல்லாத்தானே வேலை செய்யுது தங்கச்சி. அப்பிடியே கிடக்கட்டும்."

"பிழையா விட்டது சேர். தறியில இருக்கக்குள்ள அவங்களுக்கு போன் பாக்க ஏலா."

"கீறுறீங்க, எழுதுறீங்க, படிப்பிக்கிறீங்க. நாலாவதா எனக்கு யாவாரம் படிப்பிக்க வேணாம். விருப்பமில்லாட்டி கதவு திறந்துதான் கிடக்கு."

வதனி இருக்கைக்குத் திரும்பினாள். பயந்தாளா, பொறுத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பகல் முழுவதும் எழுதிய வரிகளை அழித்து அழித்து எழுதினாள்.

மாலை வகுப்புக்கு ஷிஹானும் வந்தான். தறிகள் ஓய்ந்தன. வதனி தன் பிழையையும் முதலாளி சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள்.

றம்லா விரலில் காய்ந்திருந்த நூல் கஞ்சியை உரித்தாள். "என்ட கலியாணத்திலயும் நான் சும்மா இருந்ததத்தான் சம்மதமெண்டு எடுத்தாங்க மிஸ். ஆனா வாப்பா மூண்டு தரம் கேட்டாரு. இந்தப் போன் ஒருக்காத்தானே கேக்குது!"

கூடமே சிரித்தது. ஷிஹான் மட்டும் சிரிக்கவில்லை. "நான் களவா மாத்திவிடுறன் ராத்தா. ஒரு வரிதான்."

"மாத்தினா உங்கள வேலையால நிப்பாட்டிட்டு அவர் திரும்பப் போடுவாரு. களவு வேணாம் தம்பி. எல்லாருமாப் போய்க் கேப்பம்," என்றாள் றம்லா.

"என்ட பிழைக்கு நீங்க ஏன்..." வதனி தடுமாறினாள்.

"பிழை விட்டது நீங்க. தெரிஞ்சுகொண்டும் வச்சிருக்கிறது அவரு."

இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். பதினொரு பேர் மிஞ்சி இருந்தார்கள். ஷிஹான் கதவுவரை போனான். பின் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தான்.

கூடத்தில் இருந்தபடியே வதனி நாட்குறிப்பில் எழுதினாள்:

நாளை: காலை ஒன்பது மணி, அலுவலகம். பதினொரு பேர், ஷிஹான், நான். கேட்பது ஒன்று: பதில் வராத ஓடர் என்றால் ஏற்காத ஓடர். முதலில் பேசுவது றம்லா.