பக்கத்துப் பல்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் கீழ்வரிசை இடது கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர் என் தங்கையின் கணவர். வேறொரு மருத்துவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்திருந்தார். முன்னறையில் உட்கார்ந்து சீட்டு எழுதுபவள் தங்கை.

எந்தப் பல் என்று அவர் கேட்டபோது, "இங்கதான் மாப்பிள்ளை" என்று விரலை வைத்தேன். என் விரல் தடிமனானது. இரண்டு பல்லையும் சேர்த்து மூடியது. அவர் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் ஒன்றைத் தட்டினார், உடனே அடுத்ததைத் தட்டினார். நான் கத்தினேன். முதல் தட்டுக்குக் கத்தினேனா, இரண்டாவதற்கா என்பது எனக்கே தெரியாது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டார். பாதி முகம் எனக்குச் சொந்தமில்லாமல் போனது.

எடுத்த பல்லைத் தட்டில் வைத்தார். ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இஹ்ஹானா?" என்றேன்.

"பேசாதேண்ணா, பஞ்சைக் கடி" என்றாள் தங்கை.

வெள்ளிக்கிழமை வலி அவ்வளவாக இல்லை. பல் இருந்த குழியில் கருஞ்சிவப்பாக ஏதோ கெட்டியாகத் தேங்கியிருந்தது. உதிரிபாகக் கிடங்கு என் பொறுப்பில் இருக்கிறது. காலியான அடுக்கில் அழுக்குச் சேரவிடுவது என் வழக்கமில்லை. பிரஷ்ஷால் நெம்பி எடுத்து, உப்புத் தண்ணீரில் நான்கு முறை கொப்பளித்து, சுத்தமாக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் வலி திரும்பி வந்தது. காதுக்குப் போனது, நெற்றிப்பொட்டுக்கு ஏறியது, கடைசியில் பக்கத்துப் பல்லில் வந்து உட்கார்ந்தது. அப்படியானால் எடுத்தது எதை? மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, பக்கத்துல இருக்கிறது நல்லாத்தானே இருக்கு?"

"எடுத்ததும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. உங்க மாப்பிள்ளை இப்பத்தான் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருக்காரு."

"வாயை மூடு. தங்கச்சி காதுல விழுந்தா என்ன ஆகும்?"

அதுதான் விஷயம். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று சொன்னால் தங்கை வீட்டில் என்ன நடக்கும்? சொல்லாவிட்டால் கெட்ட பல் வாயிலேயே இருக்கும். அதையும் எடுக்க அவரிடம்தான் போக வேண்டும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்று சும்மா சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பாலில் ஊறிய ரொட்டியை வைத்துக்கொண்டு அதை வரிக்கு வரி அனுபவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன்.

"கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாங்க. என்னண்ணா ஆச்சு?" என்றாள் தங்கை.

நேரே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தேன். "வலி பக்கத்துப் பல்லுல இருக்கு மாப்பிள்ளை. நீங்க எடுத்தது..." என்று தொடங்கும்போதே வாசலில் தங்கையின் நிழல் தெரிந்தது. நிறுத்திக்கொண்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீ கொஞ்சம் வெளியில இரு" என்றார் அவளிடம். அவள் அசையவில்லை.

"எனக்கும் வியாழக்கிழமையிலேர்ந்து அதே நினைப்புதான் மச்சான்" என்றார் மெதுவாக. "அந்தப் பல்லு அவ்வளவு சுத்தமா வந்துடுச்சு. படம் சரின்னுதான் சொல்லுது. மனசு கேக்கல."

ஆறுதல் சொல்ல வேண்டியவரே இப்படிச் சொன்னால் எங்கே போவது?

பஞ்சைச் சில்லென்று ஆக்கிப் பக்கத்துப் பல்லில் வைத்தார். குளிர்ந்தது, எடுத்ததும் போய்விட்டது. தட்டினார். வலிக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். இல்லை.

"இது உயிரோட நல்லாத்தான் இருக்கு" என்று குனிந்து குழியைப் பார்த்தார். "இங்க இருந்த ரத்தக் கட்டி எங்க?"

"அழுக்குன்னு எடுத்துட்டேன்."

"எதால?"

"பிரஷ்ஷால."

"மச்சான், அது புண்ணுக்கு மூடி! உள்ளே எலும்பு தெரியுது. அதான் காது வரைக்கும் இழுக்குது."

படத்தை விளக்குக்கு எதிரே பிடித்து, பிடுங்கிய பல்லின் வேர் நுனியில் ஒரு கருப்பு வட்டத்தைக் காட்டி, "சீழ் பிடிச்சிருந்தது இதோட வேருலதான்" என்றார். எனக்கு எல்லாமே கருப்பாகத்தான் தெரிந்தது. தலையாட்டினேன். கிராம்பு மணக்கும் மருந்தைக் குழியில் வைத்து அடைத்தார். பத்து நிமிஷத்தில் வலி அடங்கியது.

"மூணு நாளா இவர் தூங்கல. கேட்டா வெக்கைங்கிறாரு" என்றாள் தங்கை. "நீயாச்சும் ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"நான் என்ன பல்லாண்ணா, தொட்டதும் வலிக்கிறதுக்கு?"

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றினார். சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, அவரே சந்தேகப்பட்ட பிறகு அதில் என் குற்றம் எவ்வளவு, குழியைக் கெடுத்தது நான்தானே என்று ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் "பரவாயில்ல" என்றோம்.

"எது பரவாயில்ல?" என்றாள் தங்கை.