முப்பத்தஞ்சே கால் இஞ்ச்

நான் கால் கடையுறவ. கட்டில் கால், மேஜைக் கால், ஸ்டூல் கால், எதுவா இருந்தாலும் லேத்துல மாட்டிவிட்டா அரை மணி நேரத்துல இறக்கிடுவேன். இருபத்தாறு வருஷமா இதே பொழப்பு. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பேனா பண்ணுன்னா எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

கேட்டவன் வேற யாராவதா இருந்தா வாசலோட அனுப்பியிருப்பேன். கேட்டது என் தம்பி. லிப்ட் மெக்கானிக். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி லிப்ட் குழிக்குள்ள விழுந்து வலது கால் மூணு இடத்துல முறிஞ்சு போச்சு. ஆறு மாசம் படுக்கை, அப்புறம் கைத்தடி. போன திங்கட்கிழமை அந்தத் தடியை எடுத்துக்கிட்டு என் பட்டறைக்கு வந்தான். வாசலை ஒட்டிக் கிடந்த ஸ்டூல்ல உக்காந்தான்.

"அக்கா, அடுத்த திங்கட்கிழமை வேலைக்குச் சேர்றேன். என் பழைய வேலைதான். ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். இந்தத் தடியை அறுத்து ஒரு பேனா பண்ணிக் குடு, அதுலதான் போடப்போறேன்."

"தடி வேண்டாமாடா?"

"ரெண்டு மாசமா மூலையிலதான் நிக்குது. போன்லகூடச் சொன்னேனே."

எனக்குச் சந்தோஷம் தாங்கல. உடனே ரம்பத்தை எடுத்துட்டேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல்ல நீளத்தை ஒரு மெல்லிய பலகைத் துண்டுல குறிச்சு ஆணியில தொங்கவிட்டுட்டுத்தான் அறுப்பேன். அது என் பழக்கம். அன்னிக்கு அதைச் செய்யல. தூக்கிப் போடுற தடிக்கு எதுக்கு அளவுன்னு நினைச்சேன்.

வளைஞ்ச கைப்பிடி உதவாது. மிச்சத்துல அஞ்சு ஜோடித் துண்டு தேறுச்சு. ஒரு பேனாவுக்கு ரெண்டு துண்டு வேணும், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஓட்டை போட்டு, பித்தளைக் குழாயைப் பசை தடவிச் சொருகி, மேல இருக்கற மரத்தைத் தாள் கனத்துக்குக் கடையணும். சொல்றதுக்கு என்ன, சுலபமாத்தான் இருக்கு.

முதல் ஜோடியில ட்ரில் நடுவுல இறங்காம, பாதியில கோணிக்கிட்டுப் பக்கவாட்டுல எட்டிப் பார்த்துச்சு. ரெண்டாவதுல பித்தளைக் குழாய் பாதி உள்ள போகும்போதே பசை இறுகிடுச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. என் ரெண்டு விரல் வேற அதோட ஒட்டிக்கிச்சு. அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் பண்றான், "ஆச்சாக்கா?"

"ஆச்சு, என் விரல்ல ஆச்சு. வைடா போனை."

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கடையில ஒரு பேனா வாங்கிக் குடுத்துட்டா என்ன?"ன்னார். நான் பார்த்த பார்வையில உள்ள போயிட்டார்.

மூணாவது நல்லாத்தான் வந்துச்சு. கடைசி ஒரு தடவை உளியை மெதுவா ஓட்டினா முடிஞ்சது. படார்னு வெடிச்சு ஒரு சில்லு நெத்தியில பட்டுச்சு. குழாய் மட்டும் பல்லிளிச்சுக்கிட்டுச் சுத்துது. இருபத்தாறு வருஷத்துல ஒரு கட்டில் கால் என்னை இப்படி அவமானப்படுத்தினதில்ல. உளியை வச்சுட்டு வாசல்ல போய்க் கொஞ்ச நேரம் நின்னேன். இல்லன்னா லேத்தை உதைச்சிருப்பேன்.

நாலாவதைச் சொன்னா வெக்கக்கேடு. கடைஞ்சு, பளபளன்னு மெருகேத்தி, மூக்கு, கிளிப்பு எல்லாம் அழுத்திச் சொருகியாச்சு. தூக்கிப் பார்த்தா, மேல் துண்டுல ரேகை ஒரு பக்கம் ஓடுது, கீழ்த் துண்டுல இன்னொரு பக்கம் ஓடுது. துண்டைத் தலைகீழா மாத்திப் போட்டிருக்கேன். பட்டனை மாத்திப் போட்ட சட்டை மாதிரி நிக்குது. வேற யாருக்கும் தெரியாது, தம்பிக்குச் சத்தியமாத் தெரியாது. எனக்குத் தெரியுதே. கழட்டலாம்னு தட்டினேன், நீளவாக்குல பிளந்துச்சு.

அது சனிக்கிழமை மத்தியானம். ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். இந்த மரத்துக்கு என்னதான் கேடுன்னு கழிவுப் பெட்டியைக் கவிழ்த்து, உடைஞ்சதையெல்லாம் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். மயிர் கனத்துக்கு விரிசல். எல்லாத் துண்டுலயும் ஒரே பக்கம். பழைய விரிசல்ல அழுக்கு ஏறிக் கறுத்துப்போயிருக்கும். இது வெளுப்பா இருந்துச்சு, புது விரிசல்.

அப்பதான் தடியோட அடித்துண்டு கையில பட்டுச்சு. ரப்பர் மாட்டின துண்டு. அந்த ரப்பரை நான்தான் மாட்டினேன், தடியை மூலையில வச்சுட்டதா அவன் போன்ல சொன்னதுக்கு முந்தின வாரம். புத்தம் புதுசு. இப்போ ஒரு பக்கமாத் தேஞ்சு உள்ள இருக்கற மரமே தெரியுது.

மூலையில சும்மா நின்ன தடியில ரப்பர் எப்படித் தேயும்?

திங்கட்கிழமை அவன் வந்த விதத்தை நினைச்சுப் பார்த்தேன். வாசலுக்குள்ள வந்ததும் முதல்ல கண்ணுல பட்ட ஸ்டூல்ல உக்காந்தான். போகும்போது மேஜையைப் பிடிச்சான், அப்புறம் கதவைப் பிடிச்சான், வெளியில நின்ன ஆட்டோவைப் பிடிச்சான். பிடிக்க எதுவும் இல்லாம ஒரு எட்டு வைக்கல. ஊர்ல இருக்கற மேஜைக்கெல்லாம் கால் செஞ்சு குடுக்கறவளுக்குக் கூடப்பொறந்தவன் கால் தெரியல பாருங்க. இந்தக் காலோட அவன் நாளன்னிக்கு லிப்ட் கூண்டு மேல ஏறி நிக்கப்போறான். அங்க பிடிச்சுக்க என்ன இருக்கு? கிரீஸ் பூசின கம்பி.

தடி கையில இருந்தா ஊன்றத் தோணும்னு, அதை என் கையாலயே அறுக்க வச்சிருக்கான் அந்தப் பாவி. எனக்கு அழுகை வந்துச்சு. அதைவிடக் கோவம் அதிகமா வந்துச்சு. அந்தக் கோவத்துலயே அஞ்சாவது ஜோடியை லேத்துல மாட்டிக் கடைஞ்சேன். சனியன், அதுதான் ஒழுங்கா வந்துச்சு. விரிசல்கூடப் பசையில மூடிக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில வந்தான். ஸ்டூலை உள்ள எடுத்து வச்சுட்டேன். கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னான்.

"பேனா ஆச்சாக்கா?"

"ஆச்சு. நடுவுல வந்து நேரா நில்லு. கையைத் தொங்கப் போடு."

"எதுக்கு?"

"நில்லுடா சொல்றேன்."

வந்து நின்னான். நான் டேப்போட கீழ குனிஞ்சேன். மூணு எண்ணுறதுக்குள்ள இடது பக்கமாச் சாய்ஞ்சு லேத்தைப் பிடிச்சுட்டான். முகமெல்லாம் வேர்த்துப் போச்சு.

நான் ரப்பரை எடுத்து அவன் முன்னாடி வச்சேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்க்கல.

"தடியோட வந்தா ஸ்டோர்லதான் உக்காரணும்னு சொல்லிட்டாங்க அக்கா. ஸ்க்ரூவை எண்ணிக்கிட்டு. பதினெட்டு வருஷம் லிப்ட் ஓட்ட வச்சவன் நான்."

"சொன்னவன் வாயில மண்ணு. உன் வாயிலயும்தான். அதுக்காகக் குழியில விழுந்து சாவியா? தடியை அறுக்க என் கைதான் கிடைச்சுதா உனக்கு? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கையை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்காம வந்து தம்பியோட தோளைப் பிடிச்சுக்கிட்டார். நான் மணிக்கட்டுலேருந்து தரை வரைக்கும் டேப்பைப் பிடிச்சேன்.

புதுத் தடிக்குன்னு எடுத்து வச்ச மரத்தை அவன் முன்னாடி நீட்டினேன். "முப்பத்தஞ்சே கால் இஞ்ச். எழுது."

பென்சில் தேடினான். பேனாவைக் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், ரேகை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடுச்சு. கட்டைவிரலால அதைத் தடவிக்கிட்டே இருந்தான்.

"எழுதுடா. ஒரு மணி நேரத்துல கடைஞ்சிடுவேன். நாளைக்கு அதை ஊன்றிக்கிட்டே போய்க் கையெழுத்துப் போடு. ஸ்டோர்னா ஸ்டோர்."

முப்பத்தஞ்சுன்னு எழுதிட்டு நிறுத்தினான்.

"இது போதும்ல அக்கா."

"காலை ஏன்டா விடுற? காலுக்குத்தானே இவ்வளவும். அதையும் எழுது."

பக்கத்துலயே, எழுத்துல, கால்னு எழுதினான். நான் மரத்தை வாங்கி லேத்துல மாட்டினேன்.