இரவல் டயர்

முத்துவீரனுக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. ஒன்று, தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் நடுவில் அவனைவிட நன்றாக லொறி ஓட்ட ஆளில்லை. இரண்டு, இந்த லொறித் தொழில் லொறிக்காக நடக்கிற தொழிலே தவிர ஓட்டுகிறவனுக்காக நடக்கிற தொழில் இல்லை. முதலாவதை யாராவது கேட்டால்தான் சொல்வான். இரண்டாவதைக் கேட்காமலே சொல்வான். தேநீர்க் கடையில் சொல்வான், தம்புள்ளை மரக்கறிச் சந்தை கேட்டில் வரிசையில் நிற்கும்போது சொல்வான், ஒரு தடவை கல்யாண வீட்டுப் பந்தியில் பாயாசத்துக்கு முன்னால் சொல்லி மனைவி சுந்தரம்மாவிடம் கிள்ளு வாங்கினான்.

"நாலந்தா வளைவுல பொரண்டேன்ல, அன்னைக்குக் கண்டியில இருந்து இன்சூரன்ஸ் ஆளு கேமராவோட வந்தாரு. லொறிய சுத்திச் சுத்திப் படம் புடிச்சாரு. ரேடியேட்டரத் தடவிப் பாத்தாரு. நான் மூணு விலா ஒடிஞ்சு பக்கத்துலயே கெடக்கேன். 'கொஞ்சம் தள்ளிப் படுங்க, நம்பர் பிளேட் மறைக்குது'ன்னாரு."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் அந்த விலா மழைக் காலத்தில் இன்னும் வலிக்கத்தான் செய்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணப் பாதை திறந்து, மாத்தளை லொறிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வருஷம். முத்துவீரனின் முதலாளி இத்ரூஸ் ஹாஜியாருக்கு மாத்தளை டவுனில் மொத்தக் கடையும் இரண்டு லொறிகளும் இருந்தன. பத்து டன் லொறி முத்துவீரன் கையில். சின்ன லொறியை ஸக்கரியா ஓட்டினார். முத்துவீரனைவிட ஐந்தாறு வயது மூத்தவர், இருபத்திரண்டு வருஷமாக ஹாஜியாரிடம் இருப்பவர். முத்துவீரனுக்கு அவர் 'நானா'. அதாவது அண்ணன்.

மார்ச் மாதம் லொறி இன்சூரன்ஸைப் புதுப்பிக்க ஏஜென்ட் கமலாட்சி கடைக்கு வந்தாள். ஹாஜியார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து முத்துவீரன் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"மொதலாளி, லொறிக்கு ஃபுல் இன்சூரன்ஸ். கண்ணாடிக்குத் தனியா இன்சூரன்ஸ். ஏத்துற மொளகாய்க்கும் இன்சூரன்ஸ். ஓட்டுறவனுக்கு என்னாங்க? முத்துமாரியம்மன் கோயில் வாசல்ல ஒரு தேங்கா. அதுவும் என் கைக்காசு."

ஹாஜியார் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு வாதம் பண்ணுகிறவனைப் பிடிக்கும். "ஏன், கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஈக்குதானே. சும்மாதானே பாக்குறாங்க."

"நல்லாத்தான் பாக்குறாங்க, குத்தம் சொல்லல. ஆனா ஒரு ஆபரேசனுக்குப் பேரு எழுதிட்டு எட்டு மாசம் குந்தியிருந்தா, அந்த எட்டு மாசம் என் வீட்டு அடுப்பு யாரு மூட்டுறது? லொறி கராஜ்ல நின்னா ஒங்களுக்கு நட்டம்னு கம்பெனிக்குப் புரியுது. நான் கட்டில்ல கெடந்தா யாருக்கு நட்டம்னு ஒருத்தனுக்கும் புரியலீங்களே."

கமலாட்சி பையிலிருந்து ஆளுக்குப் போடும் மருத்துவ இன்சூரன்ஸ் விண்ணப்பப் பாரம் ஒன்றை மெதுவாக எடுத்தாள். ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"சரி. மொதல்ல ஒனக்குப் போட்டுப் பாப்போம். சரிவந்தா அடுத்தது ஸக்கரியாவுக்கு."

அன்று சாயந்தரத்துக்குள் டவுனில் பாதி டிரைவர்களுக்குச் சேதி தெரிந்துவிட்டது. முத்துவீரன் காலரைத் தூக்கிவிட்டு நடந்தான். இந்த ஊரில் முதல்முதலாக ஒரு லொறி டிரைவருக்கு இன்சூரன்ஸ் கார்டு, அதுவும் வாயாலேயே வாங்கியது. இனி மற்ற முதலாளிகளும் தட்ட முடியாது என்று எல்லோருக்கும் அடித்துச் சொன்னான்.

மறுநாள் கமலாட்சி போன் பண்ணி, "அண்ணே, சும்மா ஒரு மெடிக்கல் இருக்கு. டொக்டர் பாப்பாங்க, மூத்திரம் டெஸ்ட் பண்ணுவாங்க. அவ்வளவுதான்" என்றாள். முத்துவீரனின் காலர் தானாக இறங்கியது.

காரணம் இருந்தது. ஆறு மாதமாக அவனுடைய வலது பாதம் எரிந்தது. அவனுடைய அப்பாவுக்கும் எஸ்டேட்டில் இப்படித்தான் பாத எரிச்சலில் ஆரம்பித்து, சீனி வியாதி முற்றி, காலை முழங்காலோடு எடுத்தார்கள். முத்துவீரன் யாரிடமும் மூச்சு விடவில்லை, சுந்தரம்மாவிடம்கூட. ஞாயிற்றுக்கிழமைச் சாராயத்தையும் மூன்று கரண்டிச் சீனி போட்ட தேநீரையும் நினைத்துக்கொண்டு, தனக்கும் அதேதான் என்று முடிவுகட்டியிருந்தான். டெஸ்டில் அது தெரிந்தால் கார்டு போகும். அவனோடு ஸக்கரியா நானாவின் கார்டும் போகும், ஊரெல்லாம் அவன் அடித்த தம்பட்டமும் போகும்.

இந்த இடத்தில் லொறிக்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் பெரிய வாகனத்துக்கு பிட்னஸ் சர்டிபிகட் எடுக்க வேண்டும். டயர் மொட்டையாக இருந்தால் தர மாட்டார்கள். புது டயர் என்ன விலை விற்கிறது? அதனால் சிநேகிதனுடைய லொறியிலிருந்து நல்ல டயரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது, சர்டிபிகட் கைக்கு வந்ததும் அவன் டயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொட்டை டயரிலேயே ஓடுவது. இதை யாரும் களவு என்று நினைப்பதில்லை, கை மாத்து மாதிரி. டயரை இரவல் வாங்கலாம் என்றால் மூத்திரத்தை மட்டும் ஏன் வாங்கக்கூடாது?

மாத்தளையில் ஸக்கரியா நானாவை விடச் சுத்தமான ஆள் கிடையாது. குடி இல்லை, சிகரட் இல்லை. நோன்பு முப்பதும் பிடிப்பார். தேநீருக்குக்கூடச் சீனி போடமாட்டார், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வதோடு சரி.

"நானா, ஒரு ஒதவி. வெக்கத்த விட்டுக் கேக்குறேன்" என்று டெஸ்டுக்குக் கொடுத்த போத்தலை நீட்டினான் முத்துவீரன், துணைக்கு வாங்க என்று அவரைக் கூட்டிவந்து டொக்டர் வீட்டுக் கக்கூசுக்குப் பின்னால் நின்றுகொண்டு. கடைசியாக பிட்னஸ் எடுத்தபோது இரவல் டயர் தேடிக் கொடுத்தவர்தானே என்று ஒரு சமாதானமும் சொன்னான்.

ஸக்கரியா போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டாரே என்று முத்துவீரனுக்குச் சந்தோஷம்தான் வந்தது, யோசனை வரவில்லை.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு முத்துவீரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டொக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்தான். பக்கத்தில் கமலாட்சி. டொக்டர் அம்மா காகிதத்தையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

"ரொம்பத் தாகமா இருக்குமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லைங்க நோனா" என்றான் முத்துவீரன். சொல்லும்போதே ஸக்கரியா நானாவின் சீட்டுக்கு அடியில் எப்போதும் உருளும் இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் ஞாபகம் வந்தன.

"அடிக்கடி ஒன்னுக்குப் போகுமா?"

இரத்தொட்டைக்குப் போகும் ஏழு மைலுக்குள் நானா மூன்று இடத்தில் லொறியை நிறுத்துவார். கிழவனாயிட்டீங்க என்று இவன் கேலி பண்ணியிருக்கிறான்.

"உடம்பு மெலிஞ்சுதா? கண்ணு மங்குதா?"

போன கிழமை அலுவிகாரைப் பக்கம், பட்டப்பகலில், நானா பக்கக் கண்ணாடியை ஒரு மதிலில் உரசிக் கழற்றியிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் உரசல்.

"இது ரொம்ப மோசம்" என்றார் டொக்டர் அம்மா. "நீங்க இன்னைக்கே ஆஸ்பத்திரியில படுக்கணும். இப்படியே லொறி ஓட்டினா எந்த நேரமும் மயங்கி விழுவீங்க."

முத்துவீரன் எழுந்துவிட்டான். கமலாட்சி இருக்கிறாளே, கார்டு போகுமே என்றெல்லாம் ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"நோனா, அது என்னோடது இல்லைங்க. ஸக்கரியா நானாவோடது. அவரு விடியக்காலையிலயே பல்லேகமைக்கு நெல்லு ஏத்தப் போயிட்டாரு."

கமலாட்சியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. முத்துவீரன் நிற்கவில்லை. டயர்க் கடையும் ஒரு சின்ன லொறியும் வைத்திருந்த நுஹ்மானின் மோட்டார் சைக்கிளை, கேட்காமலே என்று சொல்லுமளவுக்கு அவசரமாக, வாங்கிக்கொண்டு இரத்தொட்டைப் பக்கம் முறுக்கினான்.

பல்லேகமைப் பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரத்தொட்டை தாண்டி மலை ஏறினால் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம், நடுவில் ஒரு லொறி போக மட்டும் பாதை. அதில் மூட்டை ஏற்றிய லொறியோடு இறங்கும்போது பிரேக்கைவிடக் கண்தான் முக்கியம். ஒவ்வொரு வளைவிலும் முத்துவீரன் முதலில் கீழே பார்த்தான், பிறகுதான் முன்னால் பார்த்தான். தாயே, மாரியம்மா, தேங்காயை நூறாக்கிடுறேன் என்று வாய்விட்டே சொன்னான்.

உச்சியைத் தாண்டி இரண்டாவது வளைவில் லொறி நின்றது. பாறைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தியிருந்தது. டயர்களுக்கு அண்டையாகக் கல்லும் வைத்திருந்தது. எந்த நிலைமையிலும் கல் வைக்க மறக்காத டிரைவர். ஸக்கரியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நானா, ஏன் இங்க நிக்கிறீங்க?"

"யாரு, வீரனா? நல்ல வேள வந்தாய். பனி வெலகட்டும்னு நிக்கிறன். ஒண்டுமே தெரியல்ல."

முத்துவீரன் சுற்றும் முற்றும் பார்த்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர் மலையில் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பொட்டுப் பனி கிடையாது.

பைக்கைப் புதரோரம் சாய்த்துப் பூட்டிவிட்டு வந்து லொறிக் கதவைத் திறந்தான். "தள்ளி உக்காருங்க நானா. நான் எறக்குறேன்."

நான்கு வளைவு தாண்டியது. பிறகு ஸக்கரியாதான் கேட்டார்.

"ரிசல்ட் வந்திச்சா?"

முத்துவீரன் திரும்பிப் பார்த்தான். "நானா, ஒங்களுக்குத் தெரியுமா?"

"அரைவாசி தெரியும். தாகம் ஆறு மாசமா ஈக்குது. டெஸ்ட் பண்ணினா ஹெவி லைசன்ஸ் போயிரும்னு பயம். லைசன்ஸ் போனா வீட்டுல நாலு பேரு என்னத்தத் தின்ற? நீ போத்தலை நீட்டினாய். ஒன்ட பேருல போனா எனக்கும் தெரிஞ்சிரும், என்ட பேரும் வெளிய வராதுன்னு வாங்கினன்." சீட்டுக்கு அடியிலிருந்த போத்தலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "ஒன்ட கார்டு போயிரும்னு யோசிக்கல்லன்னு சொன்னா அது பொய். யோசிச்சிட்டுத்தான் தந்தன், வீரன்."

முத்துவீரனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஊர் முழுக்கத் தலைகுனிய வைக்கப் பார்த்தாரே மனுஷன் என்று நினைத்தான். அடுத்த வளைவுக்குள் அந்தக் கோபம் இறங்கிவிட்டது. அவன் செய்ததும் அதுதானே. அவன் இவர் மூத்திரத்தை இரவல் கேட்டான், இவர் அவன் பேரை இரவல் வாங்கிக்கொண்டார்.

"நல்ல சோடி நானா நம்ம" என்றான். "ரெண்டு மொட்ட டயரும் மாத்தி மாத்திப் பூட்டிக்கிட்டோம்."

ஸக்கரியா சிரிக்கப் பார்த்தார். அழுகைதான் வந்தது. முத்துவீரன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாத்தளை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நெல் மூட்டைகளோடு கொண்டுபோய் நிறுத்தினான். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று வார்டில் சொன்னார்கள்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய் ஹாஜியாரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான்.

"ரெண்டு பேரும் சேந்து என்னையும் ஏமாத்தி, கம்பெனியையும் ஏமாத்தப் பாத்தீங்க" என்றார் ஹாஜியார்.

"ஆமாங்க மொதலாளி. லொறித் தொழில்ல கத்துக்கிட்டதுதான். டயருக்குச் செஞ்சா நீங்களே சிரிப்பீங்க."

ஹாஜியார் போனை எடுத்தார். கமலாட்சியை அழைத்து, திரும்பவும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். "இந்தத் தடவ கதவுக்கு வெளியிலயே நான் நிப்பேன் அண்ணே" என்றாள் அவள். நின்றாள்.

முத்துவீரனுக்குச் சீனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாத எரிச்சலைச் சொன்னதும் டொக்டர் அம்மா, எந்தச் செருப்புப் போட்டு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். வெறுங்கால்தான் என்றான். எக்சிலேட்டர் பெடலின் ரப்பர் தேய்ந்து, இஞ்சின் சூட்டில் கொதிக்கிற வெறும் இரும்பை ஆறு மாதமாக மிதித்திருக்கிறான். பெடலுக்கு ரப்பர் போடச் சொல்லி அனுப்பினார்.

கார்டு வந்தது. நானாவுக்குத் தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது, வியாதி முதலிலேயே இருக்கிறதாம். முத்துவீரன் தன் பேச்சில் ஒரு வரி கூட்டிக்கொண்டான். "லொறி ஒடஞ்சா காசு குடுப்பாங்க. மனுசனுக்குன்னா, ஒடஞ்சவன் வராதேன்னு சொல்லுவாங்க." அதோடு விடவில்லை. ஸக்கரியா படுத்திருந்த நாட்களுக்கும், இனி மாதம் ஒரு கிளினிக் நாளுக்கும் சம்பளம் வெட்டக்கூடாது என்று ஹாஜியாரிடம் நின்று வாங்கினான்.

ஒன்றரை மாதம் கழித்துச் சின்ன லொறிக்கு பிட்னஸ் நாள் வந்தது. சீனி இறங்கி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, மறுபடி ஓட்டலாம் என்று டொக்டர் கடிதமும் வாங்கிய ஸக்கரியா கடை வாசல் மர வாங்கில் உட்கார்ந்து வெறும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நுஹ்மான்ட லொறி டயர் நாலக் கழட்டிட்டு வா, வீரன்" என்றார் ஹாஜியார், வழக்கம்போல.

முத்துவீரன் அசையவில்லை. "வேணாங்க மொதலாளி. இரவல் டயர்ல பாஸ் பண்ணினா, பாஸானது நுஹ்மான்ட லொறி. நாளைக்கு நானா மலையில எறக்கப் போறது நம்ம லொறி."

ஹாஜியார் அவனைப் பார்த்தார். பிறகு ஸக்கரியாவைப் பார்த்தார். கையிலிருந்த தஸ்பீஹ் ஜெபமணியை ஓரமாக வைத்தார். அப்புறம் மேசை லாச்சியைத் திறந்து காசை எடுத்து நீட்டினார்.

மத்தியானம் நான்கு புது டயர்கள் வந்து கடை வாசலில் அடுக்கிக் கிடந்தன. முத்துவீரன் மேல் டயரை உருட்டி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நானா, சைஸ் சரியான்னு பாருங்க" என்றான், வாங்கிலிருந்து எழும்ப விடாமல்.

ஸக்கரியா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். டயர் ஓரத்துப் பொடி எழுத்தை இருந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

"ஏழு அம்பது, பதினாறு" என்று வாசித்தார். "சரி. பூட்டு."