துள்ளிப் பேசிய பகவதி

குழித்துறைச் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு விற்ற முத்துநாயகத்தின் மகள் பகவதி, துள்ளி அந்தரத்தில் நிற்கும்போது மட்டுமே பேசினாள். 1947 கார்த்திகையில், அவளுக்கு எட்டு வயதானபோது இது தெரியவந்தது. அதுவரை ஊருக்கு அவள் ஊமை. வாய் பேசாத பிள்ளை என்றால் மூலையில்தான் உட்கார வேண்டுமா என்று, பள்ளிக்கூடத்தில் டிரில் நடத்திய செல்லபாய் டீச்சர் அவளைக் கயிறு தாண்ட விட்டார். மூன்றாம் துள்ளலில் பகவதி மேலேயே நின்று "அம்மா" என்றாள். சொல் முடிந்ததும் இறங்கினாள். ஒரு துள்ளலுக்கு ஒரு சொல்தான் வரும். மரக்கிளையில் தூக்கி உட்கார வைத்துப் பார்த்தார்கள். பலனில்லை, தானே துள்ள வேண்டும். தாய் சொர்ணம்மாளை அழைத்து வந்தபோது ஆறு துள்ளலில் அவள் சொன்னது இது: "அம்மா, வலத்தே காது ரெண்டு வருசமா வலிக்கு." சொர்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மருந்து விட்டதும் காது ஒரு வாரத்தில் குணமானது.

பிறகு யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. டீச்சர் தினமும் அவளைக் கிளித்தட்டு ஆடவும் கயிறு தாண்டவும் வைத்து, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முதலில் முழங்கால் உயரம் வேண்டியிருந்தது. 1950இல் ஒரு சாண் போதும் என்றானது. 1953இல் நாலு விரற்கடை. இன்னும் ஒரு வருடத்தில் தரையில் நின்றே பேசிவிடுவாள் என்று டீச்சர் உறுதியாக நம்பினார்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. அந்த ஆவணியில் பகவதி பெரியவளானாள். சடங்கு முடிந்த மறுநாள், சொர்ணம்மாள் துள்ளுகயிற்றை எடுத்துக் கன்றுக்குட்டியைக் கட்டினாள். டீச்சர் மூன்று முறை வந்து ஒரே ஒரு வருடம் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே துள்ளட்டும் என்றும் கெஞ்சினார்.

"கொமருப்புள்ள கெடந்து துள்ளுனா, நாளைக்கு எவன் வந்து கெட்டுவான் டீச்சரே?" என்றாள் சொர்ணம்மாள்.

தரையில் நின்றே பேசத் தெரிந்த முத்துநாயகம் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள் இப்படித்தான். மூன்று வருடம் பகவதி நடந்தாள், உட்கார்ந்தாள், ஒரு சொல் பேசவில்லை.

1956 ஐப்பசியில், ஊர் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்த அதே மாதம், அஞ்சுகிராமத்துக் கோலப்பனுக்கு அவளைக் கொடுத்தார்கள். பெண் துள்ளினால்தான் பேசும் என்பதை மறைக்கவில்லை. "அதுக்கென்ன, துள்ளண்டாம்" என்று மாமியார் சம்மதித்துவிட்டார்.

வண்டி ஏறும்போது சொர்ணம்மாளுக்கு மனம் தாளவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ மக்ளே. யாரு பாத்தா என்ன, ஒருக்கா துள்ளு."

பகவதி அம்மாவைப் பார்த்தாள். இரண்டு காலையும் மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, வீட்டில் பழக்கியிருந்தபடியே நின்றாள். குதிகால்கூட எழும்பவில்லை. பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அஞ்சுகிராமத்தில் அவளைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அடக்கமான மருமகள் என்கிறார்கள்.