பன்னீர் தெளித்த மைக்

எங்கள் சமுதாய வானொலியின் மைக் உயிரை விட்டபோது என் வேலையும் ஊசலாடத் தொடங்கியது. மத்தியான நிகழ்ச்சி என்னுடையது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களோடு அரட்டை, பாட்டு, ஊர்வம்பு. அது போனால் நான் மறுபடி தீக்குச்சிகளைப் பெட்டியில் அடைக்கத்தான் போக வேண்டும்.

நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு என் குரல் பிடிக்காது. தீப்பெட்டி ஆபீஸும் அவருடையது, மாடியில் இருக்கும் வானொலியும் அவருடையது. ஆகவே எது நல்ல குரல் என்று தீர்மானிக்கும் காதும் அவருடையதே.

"ஏட்டி வள்ளிமயிலு, ஓங் குரலு தகரத்த இழுத்த மாதிரி இருக்கு. புது மைக்குல இனிமையா வரலைன்னா எங்க தங்கச்சி மக ஐஸ்வர்யாதான் பேசுவா. வெள்ளிக்கிழம பாத்துருவோம்."

ரஹீம் பாய் தன் மைக்செட் கடையில் இரண்டு மைக்கை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, குட்டை. பார்த்தால் மரியாதை வராது. இன்னொன்று தங்க நிறம், வெல்வெட் பெட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது.

"கறுப்பு, வாய்க்கு முன்னால பேசுதத மட்டும்தான் எடுக்கும் அண்ணாச்சி. ஒங்க ரூமுக்குக் கீழ லாரி நிக்குது, பக்கத்துல ரயில் போவுது. இதுதான் சரி."

"அந்தத் தங்கம்?"

"எறும்பு ஊருததக்கூட எடுக்கும். ஆனா நோஞ்சான். ஈரம் பட்டாப் போச்சு."

எறும்பிலேயே அண்ணாச்சி விழுந்துவிட்டார். மிச்சம் காதில் ஏறவில்லை.

"கறுப்பே போதும் அண்ணாச்சி" என்றேன்.

"ஒனக்குப் போதும்ட்டி. தீப்பெட்டி மொதலாளிமாரு சங்கத்து ஆளுக வாராவ, எனக்குப் போதுமா?"

எங்கள் ஊரில் புதுப்பொருள் எதுவும் பொட்டில்லாமல் ஓடாது. லாரிக்கும் பொட்டு, கிரைண்டருக்கும் பொட்டு. வெள்ளிக்கிழமை, சங்கத்து ஆட்கள் சுற்றி நிற்க, அண்ணாச்சி தங்க மைக்கின் வலையில் சந்தனத்தை அப்பினார், மேலே குங்குமம் வைத்தார். அதோடு நிற்காமல் பன்னீர்ச் செம்பையும் கையில் எடுத்தார்.

"அண்ணாச்சி, ஈரம் ஆகாதுன்னு பாய் சொன்னாருல்லா!"

"சாமி காரியத்துல வாயக் குடுக்காத" என்று ஒன்றுக்கு மூன்று தரம் உதறினார். மைக் குளித்து முடித்தது.

முதலில் தங்கச்சி மகளைத்தான் அதன் முன்னால் உட்கார வைத்தார். ஐஸ்வர்யா நல்ல பிள்ளை. தேன் குரல்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவள் சொன்ன வணக்கம் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. பிறகு கடுகு பொரிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. சங்கத்து ஆட்கள் மரியாதையாக மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"ஏதாவது செய்யிட்டி!" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார்.

நேயர்கள் கூப்பிடும் போன் லைன் மட்டும் வேலை செய்தது. "நான் கூப்பிடுதேன், லைனத் திறந்து விடு" என்று ஐஸ்வர்யாவிடம் சொல்லிவிட்டு, படியிறங்கி, என் நேயர்கள் இருக்கும் பெட்டி அடைக்கும் கூடத்துக்கு ஓடினேன்.

"ரேடியோவ அமத்துங்கட்டி, போனு பக்கத்துல ஓடுனாக் கூவும்!"

செல்போனில் எங்கள் வானொலி நம்பரை அழுத்தினேன். இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று பயந்தேன். மெஷின்கள் கடகடவென்று ஓட, அதற்கும் மேலே கத்தி வணக்கம் சொன்னேன். தகரம்தான், அதற்கு நான் என்ன செய்ய?

முன்பு என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைத்த ராமலட்சுமி அக்கா, போனைப் பிடுங்கினாள்.

"மாடியில இருக்கவியளுக்குச் சொல்லுதேன். முன்ன பேசுன புள்ள குரலு தேனுதானாம். இந்த மெஷின் சத்தத்துல தேனு எங்கன கேக்கும்? இவ கத்துனாத்தான் எங்களுக்கு ரேடியோ. இவள மாத்துனீயன்னா நாங்க ரேடியோவயே போட மாட்டோம்."

கூடமே கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

நான் மாடி ஏறியபோது அண்ணாச்சி சங்கத்து ஆட்களிடம் அளந்துகொண்டிருந்தார்: "நம்ம கண்டெடுத்த புள்ளலா! அந்தக் குரலுக்காவத்தான் அன்னைக்கே வேலைக்கு வச்சேன்."

என்னைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாளைக்கும் நீதான்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சரி அண்ணாச்சி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.